எப்சம் கிணறும் ஓமலூர் வெள்ளைக்கல்லும்

சேலத்தைத் தாண்டி பெங்களூர் சாலையில் ஓமலூரை நோக்கிப் போனால், சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் வெள்ளை வெளேரென்று மேடுகள் தெரியும். ரயிலில் போகிறவர்களுக்கு 'மேக்னசைட் ஜங்ஷன்' என்ற பெயர்ப்பலகை கண்ணில் படும். உலகத்தில் எத்தனை ரயில் நிலையங்களுக்கு ஒரு கனிமத்தின் பெயர் வாய்த்திருக்கும்? உள்ளூர்க்காரர்கள் அதை வெள்ளைக்கல் என்பார்கள். பக்கத்தில் வெள்ளக்கல்பட்டி என்று ஓர் ஊரே இருக்கிறது. ஆங்கிலேயர்கள் இந்த மேடுகளைச் 'சாக் ஹில்ஸ்', அதாவது சுண்ணக்குன்றுகள் என்று குறித்துவைத்தார்கள். வெள்ளையாக இருந்ததால் வைத்த பெயர்தான். உண்மையில் அங்கே சுண்ணாம்பு கிடையாது. இருப்பது மெக்னீசியம் கார்பனேட்.

இந்த மெக்னீசியம் என்ற தனிமத்தை மனிதகுலம் அடையாளம் கண்ட கதை, எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இங்கிலாந்தின் ஒரு சிற்றூரில், மாடு குடிக்க மறுத்த ஒரு குட்டையில் தொடங்குகிறது. அந்த ஊரின் பெயர் எப்சம். மருந்துக்கடையில் 'எப்சம் சால்ட்' கேட்டு வாங்குகிறோமே, அந்த உப்புக்குப் பெயர் கொடுத்த ஊர்.

மாடு குடிக்காத தண்ணீர்

எப்சம், லண்டனுக்குத் தென்மேற்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், சர்ரே மாவட்டத்தில் இருக்கிறது. 1618இல் கடும் கோடை. ஹென்றி விக்கர் என்ற மாட்டுக்காரர், ஊர்ப் பொதுமேய்ச்சல் நிலத்தில் ஒரு குழியில் தண்ணீர் கசிவதைப் பார்த்து, அதை அகலமாகத் தோண்டிவிட்டார். குழி நிரம்பியது. ஆனால் தாகத்தில் தவித்த மாடுகள்கூட அதில் வாய் வைக்கவில்லை. தண்ணீர் அவ்வளவு கசப்பு. முதலில் புண்களைக் கழுவ அதைப் பயன்படுத்தினார்கள். பிறகு தெரியாமல் குடித்த கூலியாட்களுக்கு வயிறு சுத்தமாக இறங்கியதைப் பார்த்து, பேதிமருந்தாகப் பெயரெடுத்தது என்பது செவிவழியாக வந்த வரலாறு.

அந்தக் காலத்து ஐரோப்பிய மருத்துவத்தில் உடம்பைச் 'சுத்தம்' செய்வதுதான் பாதிச் சிகிச்சை. ஆகவே பணக்காரர்களும் பிரபுக்களும் எப்சமுக்குப் படையெடுத்தார்கள். நாட்குறிப்பால் புகழ்பெற்ற சாமுவேல் பெப்பிஸ் 1663இல் போனபோது ஊர் நிரம்பி வழிந்து, தங்க இடம் கிடைப்பதே பாடாகிவிட்டது. 1667 ஜூலையில் மறுபடி போய் நான்கு பைண்ட், ஏறக்குறைய இரண்டு லிட்டர், தண்ணீர் குடித்து, அதன் பலனையும் ஒளிவுமறைவின்றி எழுதிவைத்திருக்கிறார். சத்திரங்கள், சூதாட்ட விடுதிகள், நடன அரங்குகள் என்று ஊர் வளர்ந்தது.

இங்கிலாந்தில் இப்படி மருத்துவ நீருக்குப் பெயர்போன ஊர்கள் பல. பாத் நகரில் சுமார் 46 டிகிரி செல்சியஸ் வெந்நீர் பூமிக்குள்ளிருந்து பொங்குகிறது. ரோமானியர்கள் அங்கே குளியல் மண்டபம் கட்டினார்கள். ஹாரோகேட்டின் நீரில் கந்தக நெடி அடிக்கும். டன்பிரிட்ஜ் வெல்ஸின் நீரில் இரும்பு. நம் பக்கத்தில் திருக்கோணமலையின் கன்னியா வெந்நீர்க் கிணறுகளும், சீசனுக்குக் கூட்டம் அலைமோதும் குற்றாலமும் இல்லையா? நோய் தீர்க்கும் தண்ணீர் என்ற நம்பிக்கை எல்லா நாட்டுக்கும் பொது. ஆனால் எப்சமில்தான் ஒருவர் அந்தத் தண்ணீரைப் பார்த்து ஓர் அறிவியல் கேள்வியைக் கேட்டு, விடையைக் கையில் எடுத்துக் காட்டினார்.

தண்ணீரை வற்றவைத்தவர்

அவர் நெகமையா குரூ. மருத்துவர், லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர். செடிகளின் உள்ளமைப்பை நுண்ணோக்கியில் பார்த்து 1682இல் பெரிய நூல் எழுதிய தாவரவியலாளரும்கூட. எப்சம் தண்ணீரைக் காய்ச்சி வற்றவைத்தால் என்ன மிஞ்சும் என்று பார்த்தார். மிஞ்சியது ஊசி ஊசியாகப் படிந்த, நிறமற்ற ஒரு கசப்பு உப்பு. அது சமையல் உப்பும் இல்லை, படிகாரமும் இல்லை. அதைப் பற்றி 1695இல் லத்தீனில் ஒரு நூல் வெளியிட்டார். 1698இல் அந்த உப்பைத் தயாரிக்க அரசரிடம் காப்புரிமையும் பெற்றார்.

இன்றைய வேதியியல் அந்த உப்பை மெக்னீசியம் சல்பேட் என்கிறது. ஒவ்வொரு மூலக்கூறோடும் ஏழு நீர் மூலக்கூறுகள் ஒட்டியிருக்கும். மருந்துக்கடையில் வாங்கும் எப்சம் உப்பின் எடையில் பாதிக்குச் சற்று அதிகமாகவே தண்ணீர்தான். ஒரு கரண்டியில் வைத்து விளக்கில் காட்டினால் அந்தத் தண்ணீர் ஆவியாகி, பளபளப்புப் போய் வெள்ளைப் பொடியாகிவிடும்.

அது வயிற்றை இளக்குவதும் எளிய இயற்பியல்தான். இந்த உப்பைக் குடல் சரியாக உறிஞ்சாது. குடலுக்குள் உப்பின் செறிவு கூடும்போது, இருபுறமும் சமநிலை வர, உடம்பின் நீர் சவ்வைக் கடந்து குடலுக்குள் இறங்குகிறது. மலம் இளகி வெளியேறுகிறது. சவ்வூடு பரவல் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதேதான்.

எப்சம் கிணற்றுக்கு அந்த உப்பு எங்கிருந்து வந்தது? அந்தப் பொதுநிலத்தின் அடியில் இருப்பது 'லண்டன் களிமண்' என்ற படிவு. அதில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் கனிமம் கலந்திருக்கிறது. காற்றும் நீரும் பட்டால் பைரைட் சிதைந்து கந்தக அமிலம் உண்டாகும். அமிலம் களிமண்ணிலுள்ள மெக்னீசியத்தைக் கரைத்துக்கொள்ளும். எப்சம் தண்ணீரின் மகிமை, மண்ணுக்குள் ஓசையின்றி நடக்கும் இந்த அமில வேலை.

குரூவின் கண்டுபிடிப்பு எப்சமின் பிழைப்பைக் கெடுத்தது என்றே சொல்லலாம். உப்புதான் மருந்து என்று தெரிந்தபின் ஊருக்கு எதற்குப் போகவேண்டும்? மோல்ட் என்ற சகோதரர்கள் காப்புரிமையை மீறி அதே உப்பைக் காய்ச்சி மலிவாக விற்றார்கள். பிறகு கடல்நீரில் சமையல் உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரிலிருந்தும் அது தயாரிக்கப்பட்டது. 1707இல் ஜான் லிவிங்ஸ்டன் என்பவர் ஊருக்குள் புதுக் கிணறு வெட்டி, கேளிக்கை அரங்குகளோடு கூட்டத்தை இழுத்தார். புதுக் கிணற்றின் தண்ணீரில் பழைய சத்து இல்லை. கூட்டம் மெல்லக் கரைந்தது. இன்று எப்சம் என்றால் இங்கிலாந்தில் 1780 முதல் நடக்கும் டெர்பி குதிரைப் பந்தயம்தான் நினைவுக்கு வரும். பழைய கிணற்றைப் பார்க்கப் போகிறவர், ஒரு குடியிருப்பின் நடுவே சுற்றுச்சுவர் கட்டிய கிணற்றுத்தலையைத்தான் காண்பார். ஊர் சிறுத்தது, உப்பு உலகம் முழுக்கப் போனது.

காற்றை எடைபோட்ட மாணவர்

எப்சம் உப்போடு மரச்சாம்பலின் காரத்தைச் சேர்த்தால் வெள்ளையாக ஒரு பொடி வீழ்படிவாகும். அதற்கு அப்போது 'மெக்னீசியா ஆல்பா' என்று பெயர். எடின்பரோவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஜோசப் பிளாக், சிறுநீர்ப்பைக் கல்லைக் கரைக்க இது உதவுமா என்று ஆராய்ந்தார். கல் கரைந்ததோ இல்லையோ, அவர் தராசில் வேறொன்று சிக்கியது. பொடியைச் சூட்டில் வாட்டி எடுத்து நிறுத்தால் எடை பாதிக்கும் கீழே போய்விட்டது. வாட்டாத பொடியில் அமிலம் ஊற்றினால் நுரைத்தது. வாட்டிய பொடி நுரைக்கவே இல்லை. அப்படியானால் சூட்டில் ஓடிப்போனது ஒரு காற்று; அந்தக் காற்று திடப்பொருளுக்குள் பிணைந்து கிடந்திருக்கிறது!

1756இல் பிளாக் இதை வெளியிட்டார். அந்தக் காற்றுக்கு 'பிணைந்த காற்று' என்று பெயரிட்டார். நாம் இன்று கார்பன் டை ஆக்சைடு என்கிறோம். சாதாரணக் காற்றிலிருந்து வேறுபட்ட ஒரு வாயுவை, தராசை வைத்துக்கொண்டு இவ்வளவு தெளிவாக நிறுவியது வேதியியலில் பெரிய திருப்பம். 1808இல் ஹம்ப்ரி டேவி மின்சாரத்தைச் செலுத்தி அதே மெக்னீசியாவிலிருந்து மெக்னீசியம் உலோகத்தைப் பிரித்தார். எப்சம் கிணற்றில் தொடங்கிய தேடல் தனிமத்தில் வந்து முடிந்தது.

பிளாக் செய்த சோதனை நம் சேலத்துக்குப் புதிதில்லை. வெள்ளைக்கல்லைச் சூளையில் போட்டு எரிப்பது அதே வினைதான். தூய மேக்னசைட் நூறு கிலோவை எரித்தால் 52 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் புகைபோக்கியில் போய்விடும். மிஞ்சும் 48 கிலோ மெக்னீசியம் ஆக்சைடு. அது உருக 2,800 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதனால்தான் எஃகு உருக்கும் உலைகளின் உட்புறத்துக்கு அதில் செய்த செங்கற்களைப் பதிக்கிறார்கள். தமிழ்நாடு அரசு இதற்கென்றே 1979இல் தமிழ்நாடு மேக்னசைட் நிறுவனத்தைத் தொடங்கியது. பர்ன் ஸ்டாண்டர்டு, டால்மியா ஆகிய நிறுவனங்களும் இங்கே சுரங்கம் வைத்து நடத்தின.

அதே நூறு கிலோ வெள்ளைக்கல்லைப் பொடித்துக் கந்தக அமிலத்தில் கரைத்து, வடிகட்டி, ஆறவிட்டுப் படிகமாக்கினால் கிடைப்பது சுமார் 290 கிலோ எப்சம் உப்பு. ஓமலூர்ச் சாலையோரத்து வெள்ளை மேட்டுக்கும் எப்சம் கிணற்றுக்கும் நடுவே இருப்பது ஓர் அமிலம் மட்டுமே.

வெள்ளைக்கல் பிறந்த விதம்

வெட்டிய சுரங்கத்தின் சுவரை அருகில் போய்ப் பார்த்தால்தான் அதன் அழகு புரியும். சுவர் முழுக்க வெள்ளையாக இருக்காது. பழுப்பும் பச்சையும் கலந்த கருமையான பாறை. அதன் விரிசல்களில் பால் வழிந்து உறைந்ததுபோல் வெள்ளை நரம்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். சில நரம்புகள் விரல் தடிமன், சில ஓர் ஆள் அகலம். உடைத்தால் பீங்கான்போல் வழவழப்பாக, படிகமே தெரியாதபடி இருக்கும்.

கருமையான பாறையின் பெயர் டியூனைட். பூமியின் மேலோட்டுக்குக் கீழே இருக்கும் அடுக்கில் உருவாகும் பாறை வகையைச் சேர்ந்தது. அதில் பெரும்பகுதி ஆலிவின் என்ற கனிமம். மெக்னீசியமும் சிலிக்காவும் சேர்ந்தது. மேற்பரப்புக்கு வந்த இந்தப் பாறையின் விரிசல்களுக்குள் கார்பன் டை ஆக்சைடு கரைந்த நீர் இறங்கியது. ஆலிவின் சிதைந்து, மெக்னீசியம் கார்பனேட்டோடு சேர்ந்து வெள்ளைக்கல்லானது. பிரிந்த சிலிக்கா பக்கத்திலேயே கால்சிடனி என்ற கண்ணாடித்தன்மையுள்ள கல்லாகப் படிந்தது. இந்தியப் புவியியல் துறையின் கிங், ஃபூட் இருவரும் 1864இலும் மிடில்மிஸ் 1896இலும் இந்தப் பகுதிப் பாறைகளைப் பற்றி விரிவாக எழுதினார்கள்.

சுண்ணாம்புக்கல்லிலிருந்து இதைப் பிரித்தறிய ஒரு சோதனை போதும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் சுறுசுறுவென்று நுரைக்கும். வெள்ளைக்கல் சும்மா இருக்கும். பொடியாக்கியோ அமிலத்தைச் சூடாக்கியோ கொடுத்தால்தான் நுரைக்கும். பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் முன்னால், எந்த மாணவரும் செய்து பார்க்கலாம்.

இன்று உலகமே கார்பன் டை ஆக்சைடைக் காற்றிலிருந்து பிடித்து எங்கே பூட்டிவைப்பது என்று தேடுகிறது. ஆலிவின் பாறையில் அதைக் கல்லாக்கிப் பூட்டலாம் என்பது ஆராயப்படும் வழிகளில் ஒன்று. சேர்வராயன் அடிவாரத்தில் இயற்கை அதைத்தான் செய்துவைத்திருக்கிறது.

பருப்பு வேகாத தண்ணீர்

அப்படியென்றால் இந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தால் எப்சம் மாதிரி பேதியாகவேண்டுமே? ஆகாது. காரணம் மெக்னீசியத்தின் கூட்டாளி. எப்சமில் அதனோடு சேர்ந்தது சல்பேட். டியூனைட், மேக்னசைட் பாறைகளில் ஊறிவரும் நீரில் மெக்னீசியம் பெரும்பாலும் பைகார்பனேட்டோடு சேர்ந்து கரைந்திருக்கும். அது வயிற்றைக் கலக்காது, தண்ணீரைக் கடினமாக்கும்.

கடின நீர் எது என்பதை ஆய்வகத்துக்கு முன்னால் அடுப்படி கண்டுபிடித்துவிடும். 'இந்தத் தண்ணியில பருப்பு வேகாது' என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வது சோதித்தறிந்த உண்மை. பருப்பின் செல் சுவர்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பொருள் கொதிநீரில் கரைந்தால்தான் பருப்பு குழையும். தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் பெக்டினோடு பிணைந்து அதைக் கரையவிடாமல் இறுக்கிவிடுகின்றன. சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் போவதும், வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளையாகப் பொருக்குத் தட்டுவதும் இதே இரண்டு தனிமங்களின் வேலை. அதனால்தான் உப்புத்தண்ணி வேறு, நல்ல தண்ணி வேறு என்று தனித்தனிக் குடங்கள்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் மெக்னீசியத்துக்கு லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்ற ஏற்புடைய அளவை வைத்திருக்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 100 மில்லிகிராம் வரை அனுமதி. கொஞ்சம் மெக்னீசியம் உடம்புக்குத் தேவைதான். நம் உடலில் சுமார் 25 கிராம் இருக்கிறது, அதில் பாதிக்கும் மேல் எலும்பில்.

பயிருக்கும் அது உயிர்நாடி. இலைப் பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் உட்கார்ந்திருப்பது ஒரு மெக்னீசியம் அணு. பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலைகளிலிருந்து அதை எடுத்துத் தளிருக்கு அனுப்பும். அதனால் அடி இலைகள் முதலில் மஞ்சளாகும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மரவள்ளியோ பருத்தியோ தென்னையோ, இந்த அறிகுறி தெரிந்தால் விவசாயிகள் தெளிப்பது மெக்னீசியம் சல்பேட், அதாவது எப்சம் உப்பு. பொட்டாஷ் உரத்தை அள்ளிப் போட்டாலும் வேர் மெக்னீசியத்தை எடுப்பது குறைந்துவிடும். ஆகவே மண்ணைப் பரிசோதிக்காமல் எதையும் கொட்டக்கூடாது.

பிரசவ அறையில்

எப்சம் உப்பின் மிகப் பெரிய சேவை, எப்சமுக்குப் போன பிரபுக்கள் கனவிலும் நினைக்காத இடத்தில் நடக்கிறது. கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் போய், சிலருக்கு வலிப்பு வந்துவிடும். கிராமங்களில் ஜன்னி என்று சொல்லி அஞ்சிய நோய். தாயையும் சேயையும் ஒருசேரக் கொண்டுபோகக்கூடியது.

இதற்கு எந்த மருந்து சிறந்தது என்று மருத்துவர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள். 1995இல் இந்தியா உட்படப் பல நாடுகளில் சுமார் 1,700 பெண்களிடம் நடந்த ஆய்வு அதைத் தீர்த்துவைத்தது. மெக்னீசியம் சல்பேட் கொடுத்தவர்களுக்கு மறுபடி வலிப்பு வருவது, டையசிபாம் கொடுத்தவர்களைவிட 52 சதவீதமும் ஃபெனிட்டாயின் கொடுத்தவர்களைவிட 67 சதவீதமும் குறைவாக இருந்தது. 2002இல் 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 'மேக்பை' ஆய்வு, வலிப்பு வருவதற்கு முன்பே கொடுத்தால் அந்த ஆபத்தைப் பாதிக்கும் கீழே குறைக்கலாம் என்று காட்டியது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இது இருக்கிறது. விலை மிகக் குறைவு.

ஆனால் அளவு தப்பக்கூடாது. ரத்தத்தில் மெக்னீசியம் மிகுந்தால் தசைகள் தளர்ந்து மூச்சே நின்றுவிடும். அதனால் மருந்து ஏறும்போது செவிலியர் சிறு சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டிப் பார்ப்பார். கால் துள்ளினால் மருந்தைத் தொடரலாம். துள்ளல் நின்றால் அது முதல் எச்சரிக்கை. அடுத்த டோஸ் கிடையாது. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, மணிக்கு எவ்வளவு சிறுநீர் என்று எண்ணிக்கொண்டே இருப்பார். முறிவு மருந்தான கால்சியம் குளுக்கோனேட் கையருகில் தயாராக இருக்கும்.

இதே உப்பை வெந்நீரில் போட்டுக் காலை ஊறவைத்தால் வலி போகும் என்கிறார்கள். வெந்நீரின் இதம் உண்மை. தோல் வழியாக மெக்னீசியம் உடலுக்குள் போகிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை. சர்க்கரை நோயாளிகள் சூடு தெரியாமல் காலைச் சுட்டுக்கொள்ளும் ஆபத்து உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்த உப்பை மருத்துவர் சொல்லாமல் குடிக்கவே கூடாது.

அளவுதான் அறிவு

எப்சம் கிணறு ஆயிரக்கணக்கானவர்களைத் தன்னிடம் வரவழைத்தது. அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று ஒருவர் கேட்டபிறகுதான் அந்தச் சத்து கிணற்றை விட்டுப் புறப்பட்டு உலகம் முழுக்கச் சேர்ந்தது. வழிபட்ட தண்ணீரைவிட நிறுத்துப் பார்த்த உப்பு பல மடங்கு பயன் தந்திருக்கிறது.

அந்தக் கேள்வியைக் கேட்க நமக்கு இன்று ராயல் சொசைட்டி தேவையில்லை. தமிழ்நாடு குடிநீர் வாரியத்துக்கு மாவட்ட அளவில் நீர் ஆய்வகங்கள் இருக்கின்றன. வேளாண்மைத் துறைக்கு மண் பரிசோதனை நிலையங்கள் இருக்கின்றன. ஆழ்துளைக் கிணறு போட லட்சக்கணக்கில் செலவழிக்கிறோம். அதில் வரும் தண்ணீரை ஒருமுறை சோதிக்க யோசிக்கிறோம். சரபங்கா ஆற்றுப் பாசனத்திலும் சேர்வராயன் அடிவாரத்திலும் இருக்கும் ஒவ்வொரு கிராமமும் தன் கிணறுகளின் கடினத்தன்மையையும் மெக்னீசியம், ஃபுளோரைடு, நைட்ரேட் அளவுகளையும் ஆண்டுதோறும் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிவைக்கவேண்டும். அந்த எண்களைப் பள்ளிப் பிள்ளைகள் படித்துப் புரிந்துகொள்ளவேண்டும். காலடியில் இப்படியொரு கல்லை வைத்திருக்கும் ஊர், அதைப் பற்றிய அறிவிலும் முதலிடத்தில் இருக்கவேண்டும் என்று ஆசைப்படுவது நியாயம்தான்.